மூன்று நாள் லீவு, தோளில் ஒரு பேக்: புதுச்சேரியா, தரங்கம்பாடியா, ஃபோர்ட் கொச்சியா?

தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் கடல் கிடையாது. ஒகேனக்கல் இருக்கிறது, கே.ஆர்.பி. அணை இருக்கிறது, ஏறிப் பார்க்க மலைக்கோட்டைகள் இருக்கின்றன. அலை மட்டும் இல்லை. அதனால் சேர்ந்தாற்போல் மூன்று நாள் லீவு கிடைத்ததும் பேக்கை மாட்டிக்கொண்டு கடற்கரை ஊர் எதற்காவது கிளம்புவது நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வழக்கம். வெறும் மணலும் தண்ணீரும் போதாது, நடந்து பார்க்கப் பழைய தெருவும் கோட்டையும் தேவாலயமும் வேண்டும் என்பவர்களிடம் மூன்று பெயர்கள் அடிபடும். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட புதுச்சேரி, டேனிஷ்காரர்கள் ஆண்ட தரங்கம்பாடி, போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கைமாறிக்கொண்டே வந்த ஃபோர்ட் கொச்சி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மூன்றில் எது அழகு என்று யோசித்துக் குழம்ப வேண்டாம். உங்கள் லீவு எந்தக் கிழமையில் விழுகிறது என்று பாருங்கள். வாரத்தின் நடு நாட்கள் என்றால் புதுச்சேரி. வெள்ளி, சனி, ஞாயிறு என்றால் தரங்கம்பாடி. கொச்சிக்கு மூன்று நாள் போதாது. ஐந்து நாள் தேற்ற முடிந்தால் மட்டும் அதைத் தொடுங்கள்.

கிழமைக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன் என்றால், நாம் இருக்கும் இடம் அப்படி. கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் என்று போகும் சாலைதான் நமக்குப் புதுச்சேரி சாலை. 200 கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதல். பெங்களூருக்காரர்களுக்கும் அதே சாலைதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெங்களூரில் கிளம்பும் பஸ் கிருஷ்ணகிரிக்கு வரும்போதே நிரம்பியிருக்கும். நாம் பையோடு நின்றுகொண்டே திருவண்ணாமலை வரை போக வேண்டியதுதான். புதுச்சேரியில் இறங்கினால் அறை விலை ஏறியிருக்கும், டார்மிட்டரி படுக்கைகள் போயிருக்கும், கடற்கரைச் சாலையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நடக்க வேண்டும். அதே புதுச்சேரிக்குச் செவ்வாய்க்கிழமை காலையில் போனால் அது வேறு ஊர்.

ஓசூர் கம்பெனிகளில் ஷிப்டு வேலை பார்ப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. அவர்களில் பலருக்கு வார விடுமுறை ஞாயிறில்தான் விழும் என்பதில்லை. அதை ஒரு குறையாக நினைக்காமல், பக்கத்து நாளில் இரண்டு லீவைப் போட்டுச் சேர்த்துக்கொண்டால் புதுச்சேரி அவர்களுக்குத்தான்.

இன்னொன்றையும் காலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள்: பௌர்ணமி. கிரிவல நாளில் திருவண்ணாமலையைக் கடப்பதற்குள் பாதி நாள் போய்விடும். கார்த்திகை தீபம் சமயத்தில் அந்தப் பக்கமே வேண்டாம். தர்மபுரிக்காரர்கள் அரூர் வழியாகப் போனாலும் திருவண்ணாமலையில்தான் பஸ் மாற வேண்டும் என்பதால், இது இரண்டு மாவட்டத்துக்கும் பொருந்தும்.

சரி, புதுச்சேரி. பேக் மாட்டிக்கொண்டு போகிறவருக்கு இந்த ஊர் தரும் பெரிய வசதி, பையை ஒருமுறை இறக்கி வைத்துவிட்டால் அப்புறம் எல்லாமே நடை தூரம் என்பதுதான். பழைய நகரம் கட்டம் போட்ட மாதிரி நேர்த் தெருக்களால் ஆனது, வழி தவறவே முடியாது. கால் வலித்தால் வாடகை சைக்கிள் கிடைக்கும். மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடுவதில்லை. காந்தி சிலை, 1836ல் முதன்முதலாக ஏற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கம், பிரெஞ்சுப் போர் நினைவிடம் மூன்றையும் விடியற்காலையில் ஒரே நடையில் பார்த்துவிடலாம். பாறை கொட்டிய கரை என்பதால் அந்த இடத்தில் குளிக்க முடியாது. வேறு இடங்களிலும் நீரோட்டம் பலமானது. ஆற்றிலும் ஏரியிலும் நீச்சல் பழகிய நம் பிள்ளைகள் அந்தத் தைரியத்தில் இந்தக் கடலுக்குள் இறங்கக் கூடாது. இதை அழுத்தமாகவே சொல்கிறேன்.

புதுச்சேரிக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் மஞ்சள் சுவருள்ள நாலு தெருவில் போட்டோ எடுத்துக்கொண்டு, ஒரு கஃபேயில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அந்தத் தெருக்கள் அழகுதான். ஆனால் நகரத்தை இரண்டாகப் பிரிக்கும் பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே வந்தால்தான் ஊர் பேச ஆரம்பிக்கும். வைசியாள் தெருவில் திண்ணையும் தாழ்வாரமும் மரத்தூணுமாக வரிசையாக நிற்கும் வீடுகளைப் பாருங்கள். கீழே தமிழ் வீடு, மாடியில் பிரெஞ்சுப் பாணி என்று கலந்து கட்டிய வீடுகளும் இந்தப் பகுதியில் உண்டு. கடைத்தெருப் பக்கம் ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு இருக்கிறது. டூப்ளேக்ஸ் கவர்னராக இருந்த காலத்தில் அவருக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர் பிள்ளை. 1736 முதல் 1761 வரை அவர் எழுதிவைத்த நாட்குறிப்பு இல்லாவிட்டால், அந்தக் காலத்துப் புதுச்சேரியை நாம் வெள்ளைக்காரர் கண்ணால் மட்டும்தான் பார்த்திருப்போம். 1748ல் வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டதையும் ஊர் அதைக் கண்டு துடித்ததையும் அவர் பதிவு செய்திருக்கிறார். அந்தக் கோயில் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் நிற்கும், சம்பா கோவில் என்று ஊர்க்காரர்கள் சொல்லும் மாதா கோயிலைப் பார்க்கும்போது இந்தச் சங்கதியையும் நினைவில் வைத்துக்கொண்டு பாருங்கள். குடியேற்ற நகரம் என்பது சுவர் நிறம் மட்டும் இல்லை.

இன்னொரு விஷயமும் தெரிந்துகொண்டு போனால் நல்லது. 1761ல் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பிடித்து, கோட்டையையும் வெள்ளையர் குடியிருப்பையும் தரைமட்டமாக்கினார்கள். 1765ல் ஊர் பிரெஞ்சுக்காரர்களிடம் திரும்பி வந்த பிறகு கட்டியெழுப்பியதுதான் இன்றைக்கு நாம் பார்ப்பதில் பெரும்பகுதி. அதனால் கோட்டையைத் தேடாதீர்கள், கிடைக்காது. கோட்டைதான் வேண்டும் என்றால் போகிற வழியிலேயே செஞ்சி இருக்கிறது. 1750ல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து 1761 வரை வைத்திருந்த கோட்டை அது. பெரிய பையைச் சுமந்துகொண்டு அந்தக் கோட்டையின் ராஜகிரி மலையில் ஏறுவது முடியாத காரியம். திரும்பி வரும் நாளில் காலையிலேயே செஞ்சியில் இறங்கி, பையை எங்காவது சொல்லி வைத்துவிட்டு, தண்ணீரோடு ஏறுங்கள். வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிட வேண்டும்.

பாரதி வாழ்ந்த வீட்டுக்குக் கட்டாயம் போங்கள். ஆங்கிலேய அரசின் கைக்கு அகப்படாமல் இருக்க 1908ல் அவர் வந்து சேர்ந்த ஊர் இது. 1918 வரை பத்து வருஷம் இங்கேதான் இருந்தார். அரவிந்தர் 1910ல் வந்ததும், வ.வே.சு. ஐயர் வந்ததும் அதே காரணத்துக்காகத்தான். இந்தப் பக்கம் பிரெஞ்சு எல்லை, அந்தப் பக்கம் ஆங்கிலேயப் போலீஸ். அந்தத் தெருக்களில் நடக்கும்போது இந்த எல்லைக்கோடு மனதில் இருந்தால் ஊர் வேறு மாதிரி தெரியும்.

ஆரோவில் போக அரை நாள் ஒதுக்க வேண்டும். அங்குள்ள தியான மண்டபமான மாத்ரிமந்திரின் உள்ளே போக முன்கூட்டியே பதிவு வேண்டும், நேராகப் போய் நின்றால் தொலைவிலிருந்துதான் பார்க்கலாம். மூன்று நாள்தான் என்றால் நான் அதை விட்டுவிட்டு அரிக்கமேட்டுக்குப் போகச் சொல்வேன். 1945ல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் தோண்டிய இடம், ரோமாபுரியோடு வியாபாரம் நடந்த துறைமுகம். பார்க்க அங்கே பெரிதாக ஒன்றும் நிற்காது. சில செங்கல் சுவர்கள், மாமரங்கள், ஆறு, அவ்வளவுதான். ஆனால் அங்கே கிடைத்த பொருட்களை நகரத்து அருங்காட்சியகத்தில் முதலில் பார்த்துவிட்டுப் போனால் அந்த மண்ணில் நிற்கும்போது சிலிர்க்கும்.

இப்போது தரங்கம்பாடி. வார இறுதியில்தான் லீவு என்பவர்களுக்கு நான் கைகாட்டுவது இதைத்தான். மைசூரிலிருந்து பெங்களூரு, ஓசூர், தர்மபுரி, சேலம் வழியாக மயிலாடுதுறைக்கு இரவு ரயில் இருக்கிறது. தர்மபுரியில் ராத்திரி ஏறிப் படுத்தால் காலையில் மயிலாடுதுறை. அங்கிருந்து பஸ்ஸில் முப்பது கிலோமீட்டர் போல. கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயில் இல்லை என்பதால் அந்தப் பக்கத்துக்காரர்கள் தர்மபுரிக்கோ ஓசூருக்கோ வந்து ஏற வேண்டும். ஸ்லீப்பர் டிக்கெட்டை முன்பதிவு செய்துவிட்டால் ஓர் இரவு அறை வாடகை மிச்சம், பகலும் வீணாகாது. இந்த ஒரு காரணத்தாலேயே, தூரம் கூடுதலாக இருந்தும், பயணக் களைப்பு என்று பார்த்தால் தரங்கம்பாடி புதுச்சேரியை விட எளிது.

தஞ்சை ரகுநாத நாயக்கர் 1620ல் டேனிஷ்காரர்களுக்கு இந்த இடத்தைக் கொடுத்தார். தங்க ஓலையில் தமிழில் எழுதி டென்மார்க் அரசருக்கு அவர் அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. கடலைப் பார்த்தபடி நிற்கும் டேன்ஸ்போர்க் கோட்டை, அந்த ஒப்பந்தத்துக்குப் பிறகு எழுந்தது. ஊருக்குள் நுழையும் வாசல் 1792ல் கட்டியது. அந்த ஆண்டு நமக்கும் முக்கியம். திப்புவிடமிருந்து பாராமகால், அதாவது நம் தர்மபுரியும் கிருஷ்ணகிரியும், ஆங்கிலேயக் கம்பெனியிடம் போன ஆண்டு அது. தாமஸ் மன்றோ உதவி கலெக்டராகத் தர்மபுரியில் வந்து தங்கியதும் அப்போதுதான். இங்கே ஒரு கம்பெனி வரிக்கணக்கு எழுதத் தொடங்கிய அதே நேரத்தில் அங்கே டென்மார்க் அரசு வாசல் கட்டிக்கொண்டிருந்திருக்கிறது. வாசலைத் தாண்டி ராஜ வீதியில் நடந்தால் இரண்டு பக்கமும் பழைய மாளிகைகள், தேவாலயங்கள், கடைசியில் கடல். மெதுவாக நடந்தாலும் அரை மணி நேரத்தில் ஊரே முடிந்துவிடும்.

ஆனால் அந்த அரை மணி நேரத்துக்குள் இருக்கும் சரித்திரத்துக்கு ஒரு நாள் வேண்டும். ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க் 1706ல் வந்து இறங்கிய கரை இது. வந்த கொஞ்ச காலத்திலேயே மணலில் எழுதித் தமிழ் கற்றுக்கொண்ட மனிதர். 1712ல் அச்சு இயந்திரம் வந்தது. அதற்கடுத்த சில ஆண்டுகளில், 1714, 1715ல், புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி வெளிவந்தது. காகிதம் போதாமல் பொறையாறு பக்கத்திலேயே காகிதப் பட்டறை வைத்தார்கள். 1718ல் அவர் கட்டி முடித்த புதிய எருசலேம் தேவாலயம் இன்னும் வழிபாட்டில் இருக்கிறது. மறு வருஷமே இறந்துபோன அவரைப் புதைத்ததும் அதற்குள்தான். அவர் இருந்த வீடு இப்போது அருங்காட்சியகம். தமிழ் படிக்கத் தெரிந்த எவரும் ஒருமுறையாவது போய் நிற்க வேண்டிய இடம் என்று நான் நம்புகிறேன். புதுச்சேரியில் நிற்கும் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இங்கே வராதது எனக்கு வருத்தம்தான்.

கோட்டைக்கு வடக்கே கடலோரம் மாசிலாமணி நாதர் கோயில் இருக்கிறது. 1306ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது, டேனிஷ்காரர்கள் வருவதற்கு முந்நூறு ஆண்டு முன்பே. அதில் ஒரு பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. 1845ல் டேனிஷ்காரர்கள் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். 2004 சுனாமி இந்தக் கரையைக் கடுமையாக அடித்தது. இவ்வளவுக்கும் பிறகு நிற்கும் ஊர் இது.

குறையையும் சொல்ல வேண்டும். தரங்கம்பாடிக்குள் தங்க இடம் மிகக் குறைவு. பழைய மாளிகைகளை ஹோட்டலாக மாற்றியவை உண்டு, நம் பட்ஜெட்டுக்கு அவை கட்டாது. பக்கத்தில் காரைக்காலில் அறைகள் நிறைய இருந்தாலும், வெள்ளி இரவு அங்கே போய்த் தேடாதீர்கள். சனிக்கிழமை திருநள்ளாறு போகிறவர்களால் எல்லாம் நிரம்பியிருக்கும். நான் சொல்வது திருக்கடையூர். அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் செய்ய வருகிற குடும்பங்களுக்காகவே அங்கே லாட்ஜுகள் வரிசையாக இருக்கின்றன, தரங்கம்பாடிக்குப் பஸ்ஸில் சீக்கிரம் வந்துவிடலாம். முகூர்த்த நாளா என்று மட்டும் கேட்டுவிட்டு போனிலேயே அறை சொல்லிவையுங்கள். சாப்பாட்டுக்குத் தரங்கம்பாடியைக் காட்டிலும் பொறையாறு மேல். மதியம் மீன் குழம்போடு நல்ல சாப்பாடு கிடைக்கும். இரவு எட்டு மணிக்கு மேல் ஊர் அடங்கிவிடும், அந்த அமைதி பிடிக்காதவர்களுக்கு இந்த ஊர் சரிப்படாது.

ஒரு நாளில் ஊர் முடிந்தால் மற்ற இரண்டு நாள் என்ன செய்வது? வடக்கே பூம்புகார், தெற்கே காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம். எல்லாம் ஒரே கடற்கரைச் சாலையில், அடிக்கடி பஸ் போகும் தடத்தில். காரைக்காலும் பிரெஞ்சு ஊராக இருந்ததுதான். நாகப்பட்டினத்தை முதலில் போர்ச்சுகீசியரும் பிறகு டச்சுக்காரரும் வைத்திருந்தார்கள். ஆக நாற்பது கிலோமீட்டர் தடத்துக்குள் நான்கு நாட்டுக் கொடி பறந்த ஊர்களைப் பார்த்துவிடலாம். இப்படி வேறெங்கும் சுலபமாக வாய்க்காது.

ஃபோர்ட் கொச்சியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் மூன்று நாள்காரர்களுக்கு அதை நான் பரிந்துரைக்கவில்லை. பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் போகும் பகல் ரயில் தர்மபுரியில் நிற்கும். காலையில் ஏறினால் சாயங்காலம் எர்ணாகுளம். அங்கிருந்து படகில் கடந்தால் ஃபோர்ட் கொச்சி. போக ஒரு நாள், வர ஒரு நாள், நடுவில் மிஞ்சுவது ஒன்றே ஒன்று. அந்த ஒரு நாளில் சீன வலைகளைப் பார்க்கலாம், 1524ல் வாஸ்கோ ட காமாவைப் புதைத்து, 1539ல் எடுத்துக்கொண்டுபோன புனித பிரான்சிஸ் தேவாலயத்தைப் பார்க்கலாம். மட்டாஞ்சேரிக்குப் போனால்தான் கொச்சி முழுசாகும்: 1568ல் கட்டிய யூதர் ஜெபக்கூடம், போர்ச்சுகீசியர் கட்டி டச்சுக்காரர் புதுப்பித்த அரண்மனை, மசாலா மண்டிகள், பிரியாணி. இங்கேயும் கிழமை குறுக்கே வரும். ஜெபக்கூடம் சனிக்கிழமை மூடியிருக்கும், அரண்மனை வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். வார இறுதிக்கு ஓடிப்போய் இரண்டையும் பூட்டிய கதவாகப் பார்த்து வருவது கொடுமை. ஐந்து நாள் இருந்தால், அதிலும் டிசம்பர் முதல் மார்ச் வரைக்குள் பியனாலே கலைக் கண்காட்சி நடக்கும் ஆண்டாக இருந்தால், தயங்காமல் போகலாம். பழைய கிடங்குகளே கண்காட்சிக் கூடங்களாக மாறியிருக்கும். தங்கும் வசதியில் மூன்று ஊரிலும் கொச்சிதான் மேல். குறைந்த வாடகையில் வீட்டோடு சேர்ந்த அறைகள் தெருவுக்குத் தெரு கிடைக்கும்.

சென்னையை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். ஜார்ஜ் கோட்டையும் பாரிமுனையும் பார்க்க வேண்டியவைதான், ஆனால் நடந்தே ஊரை முடிக்க முடியாது. சென்னைக்குப் பக்கத்தில் டச்சுக்காரர்கள் இருந்த பழவேற்காடும் சதுரங்கப்பட்டினமும் அரை நாள் ஊர்கள்.

காலம் பற்றி ஒரு வார்த்தை. புதுச்சேரிக்கும் தரங்கம்பாடிக்கும் அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை மழை, நவம்பரில் புயல் பயமும் உண்டு. கொச்சியில் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை கொட்டும். ஜனவரியும் பிப்ரவரியும் மூன்று ஊருக்குமே நல்லவை. சித்திரை, வைகாசியில் கடலோரப் புழுக்கம் நம் ஊர் வெயிலைவிட ஆளை வாட்டும், மதிய நடையை அப்போது மறந்துவிட வேண்டும்.

தனியாகப் போகும் பெண்களுக்கு முதல் பயணமாகப் புதுச்சேரியைச் சொல்வேன். பெண்களுக்கென்று தனி டார்மிட்டரி அறைகள் உள்ள இடங்கள் அங்கே உண்டு, கடற்கரைச் சாலையில் ராத்திரியிலும் ஆள் நடமாட்டம் இருக்கும். தரங்கம்பாடிக்கு இரண்டு பேராகப் போவது நல்லது, இருட்டிய பிறகு தெருக்கள் வெறிச்சோடிவிடும்.

ஐந்து நாள் கிடைத்தும் கொச்சி வேண்டாம் என்றால், புதுச்சேரியையும் தரங்கம்பாடியையும் சேர்த்துவிடலாம். எனக்கு இந்த வழிதான் மிகவும் பிடித்தது. செவ்வாய்க்கிழமை கிருஷ்ணகிரி வழியாகப் பஸ்ஸில் புதுச்சேரி போய் வியாழன் வரை அங்கே இருங்கள். வெள்ளிக்கிழமை பெங்களூரு கூட்டம் வந்து இறங்குவதற்குள் காலையிலேயே கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியாகத் தெற்கே இறங்கிவிடுங்கள். சிதம்பரத்தில் கோயில் நடை சாத்துவதற்குள் ஒரு தரிசனம் முடித்துக்கொண்டு, மதியத்துக்குள் திருக்கடையூரில் பையை வைத்துவிட்டு, சாயங்காலம் தரங்கம்பாடிக் கோட்டை. மறுநாள் சனிக்கிழமை சாயங்காலம் மயிலாடுதுறையில் மைசூர் ரயிலைப் பிடித்தால் பின்னிரவில் தர்மபுரி வரும். அலாரம் வைத்துக்கொண்டு படுங்கள், அந்நேரத்தில் எழுப்பிவிட ஆள் இருக்காது. கிருஷ்ணகிரிக்காரர்கள் ஓசூருக்கே டிக்கெட் எடுத்துக்கொண்டால் இன்னும் கொஞ்ச நேரம் தூங்கலாம், இறங்கும் நேரத்துக்கு முதல் பஸ்களும் ஓடத் தொடங்கியிருக்கும்.